மடிப்பக்கா பெயரில் ஏழு சிம்

"எங்கள் அம்மாவின் காலில் இந்தக் கண்காணிப்புப் பட்டையை எதற்காக மாட்டியிருக்கிறீர்கள்? காரணத்தை எழுத்தில் கொடுங்கள்."

பெரியவள் கேட்டுவிட்டாள். இதைக் கேட்கவே கூடாது என்று காரில் வரும்போது மாமா மூன்று தடவை சொல்லியிருந்தார். முதலில் கெஞ்சலாக, பிறகு அதட்டலாக, கடைசியில் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு. "என்ன வேணா கேளு. தண்ணி கேளு, நாற்காலி கேளு, பேனா கேளு. காரணம் மட்டும் கேக்காதம்மா. கேட்டா கோப்பு மேல போயிடும். அப்புறம் அத எவனாலயும் கீழ இறக்க முடியாது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். நடுத்தர வயது. கெட்டவள் இல்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மா கையெழுத்துப் போட வரும்போது முதலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

"காரணம் கேட்பது உங்கள் உரிமை," என்றாள் அதிகாரி, அந்த ஊர் மொழியில், நிதானமாக. "ஆனால் கேட்டால் உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோருடைய குடியிருப்புக் கோப்பும் மறு ஆய்வுக்குப் போகும். இது தண்டனை இல்லை. நடைமுறை."

"உரிமை என்கிறீர்கள். கேட்டால் அடி விழும் என்கிறீர்கள்."

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"சரி, சொல்லவில்லை. படிவத்தைக் கொடுங்கள்."

பின்னால் நின்ற மாமா அவள் முழங்கைக்கு மேல் நறுக்கென்று கிள்ளினார். அம்மாவுக்கு அவர்கள் வேகமாகப் பேசினால் புரியாது. வரிசை எண் போட்ட துண்டுச் சீட்டை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க இடமில்லை என்றானதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி கேட்ட?"

"ஒன்னுமில்லம்மா. பேனா கேட்டேன்."

 காரில் திரும்பும்போது, சிக்னலில் நின்ற இடத்தில், மாமா ஸ்டீரிங்கிடம் சொல்வதுபோல், "படிக்க வெச்சது தப்பு," என்றார். படிக்க வைத்தது அவர் இல்லை. படிக்க வைத்தது அம்மாவின் கால்கள்.

அம்மா வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில். அங்கே ரோலர் என்று ஒரு இயந்திரம் உண்டு. லாரி அகலம் இருக்கும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் உள்ளே விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, இஸ்திரியாகி, கையைச் சுடும் சூட்டில் வரும். அதைப் பிடித்து மடிக்கிறவர்கள் இரண்டு பேர். மூலையோடு மூலை, விளிம்போடு விளிம்பு, நான்கு அசைவில் முடியவேண்டும். அடுத்த விரிப்பு அதற்குள் வந்துவிடும். பதினோரு வருடம் அம்மா விரிப்பு வெளியே வரும் அந்தப் பக்கம் நின்றாள். அவள் மடித்த அடுக்கைக் கத்தியால் வெட்டினதுபோல் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் மற்றவர்களுக்குக் காட்டுவாராம். கூடத்தில் வைத்த பெயர் மடிப்பு. தெருவில் அது மடிப்பக்கா ஆகிவிட்டது.

மூன்று வருடம் முன்பு ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று மத்தியானம் வந்த விரிப்புகளையும் இவர்கள்தான் துவைத்தார்கள். ரத்தக்கறையை வெந்நீரில் போடக்கூடாது, பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத்தண்ணீர். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு இறங்கிக்கொண்டே இருந்தது என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். "பண்ணினவன் கை விளங்காம போகட்டும்," என்றாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பட்டை என்னவோ அவள் காலில்தான் இருக்கிறது.

குண்டுக்குப் பிறகு சட்டம் வந்தது. குற்றம் சாட்டவேண்டாம், வழக்குப் போடவேண்டாம். சந்தேகம் என்று ஒரு அதிகாரி எழுதினால் போதும், காலில் பட்டை மாட்டலாம். தொண்ணூறு நாள். தொண்ணூறு முடிந்தால் இன்னொரு தொண்ணூறு.

சந்தேகம் வந்தது ஒரு சிம் கார்டால். இந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் போன் நம்பர் கொடு என்பார்கள். போன் நம்பர் கேட்டால் குடியிருப்பு அட்டை காட்டு என்பார்கள். அட்டை கேட்டால் வீட்டு முகவரி எங்கே என்பார்கள். இந்தச் சுற்றைச் சட்டம் எழுதினவர்கள் யாரும் சுற்றிப் பார்த்ததில்லை. அதனால் தெருவில் ஒரு ஏற்பாடு: அட்டை இருக்கிறவர்கள் தங்கள் பெயரில் சிம் வாங்கிக் கொடுப்பார்கள். சொந்த அட்டை கிடைத்ததும் சிம்மைத் திருப்பித் தந்துவிடவேண்டும். அம்மா பெயரில் ஏழு இருந்தன. ஏழாவது ஒரு தச்சனுக்கு. எப்போதும் காதில் பென்சில் சொருகியிருப்பான், அதனால் பென்சில். ஐந்து வாரம் இருந்தான். சிம்மைத் திருப்பித் தராமலே வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனை அந்த சிம்மோடு பிடித்திருக்கிறார்கள். என்ன செய்தான், செய்தானா, யாரும் சொல்லவில்லை. செய்திருந்தால் உள்ளே இருக்கட்டும். அதில் பெரியவளுக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆஸ்பத்திரி முக்கிய நிலையம், பட்டை போட்டவர்கள் நுழையக்கூடாது. வேலை போயிற்று. செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து தவிர, வீட்டைச் சுற்றி நான்கு தெருவில்தான் நடமாடலாம், அதுவும் பகலில் மட்டும். பட்டைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றவேண்டும். அதன் வயர் ஒரு முழம். வீட்டில் தரையோடு ஒட்டி இருக்கிற பிளக் ஒன்றே ஒன்று, சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். அம்மா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், ஒரு கால் மட்டும் சுவரைப் பார்த்து நீட்டியிருக்கும். சின்னவள், பள்ளிக்கூடம் போகிறவள், "அம்மாவுக்கு எத்தன பர்சென்ட்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வெயில் ஏறியது. கீழே டயர் கடை. அதன் தகரக்கூரைச் சூடு முழுவதும் இவர்கள் ஜன்னலுக்குத்தான் வரும். நின்று நின்று பழகிய கால் சாயங்காலமானால் வீங்கும். பட்டைக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவேண்டும் என்று மாட்டினவர்கள் சொன்னார்கள். காலையில் நுழைந்தது. மாலையில் தீக்குச்சிகூட நுழையவில்லை. தோல் கன்றிப்போய், அம்மா பழைய விரிப்பிலிருந்து ஒரு துணியைக் கிழித்து உள்ளே சொருகினாள். பட்டை தோலைத் தொடவில்லை என்றால் அலாரம் அடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் மூன்று பேர் பூட்ஸோடு படியேறி வந்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அம்மாவிடம் சிம் வாங்கின ஆறு பேரில் ஒருத்தர்கூட வாசலில் இல்லை.

காரணம் அடுத்த வாரம் புதன்கிழமை தபாலில் வந்தது.

பெரியவள் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர், இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை முடிந்து வந்தவள் கீழே தபால் பெட்டியில் எடுத்து, மேலே போகாமல் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து பிரித்தாள். இரண்டு பக்கம். முக்கால்வாசி கறுப்பு மையால் அடித்திருந்தது. அடிக்காமல் விட்டது கொஞ்சம். அதில் ஒரு வாக்கியம்:

'இந்தத் தெருவுக்குப் புதிதாக வரும் எவரும் முதலில் தட்டுவது இவரது கதவைத்தான். தம் பெயரில் தொலைபேசி இணைப்பு எடுத்துக் கொடுத்து, முகமறியாதவர்களையும் இந்நகரத்தில் ஒருவராக ஆக்குகிறார்.'

கீழே, தகவல் கிடைத்த இடம்: சமூக இணக்கக் குழு, நல்ல அண்டைவீட்டார் விருதுக்கான பரிந்துரைப் படிவம்.

அந்த வாக்கியத்தை எழுதினது பெரியவள்.

போன வருடம் மாமா கொண்டுவந்த படிவம் அது. டைல்ஸ் போடுகிற மாமா, போலீஸும் தெருக்காரர்களும் சேர்ந்து உட்காரும் அந்த இணக்கக் குழுவில் உறுப்பினர். அந்த உறுப்பினர் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வெங்காயம் வாங்கவே போவார். "அக்காவுக்கு ஒரு விருது வாங்கிடுவோம். நீ பட்டம் வாங்கினவ, நல்லா எழுது," என்றார். அந்த வீட்டில் முதல் பட்டம். அவளும் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினாள். 'முகமறியாதவர்களையும்' என்பதைப் போட்டுவிட்டுத் தன் எழுத்தைத் தானே மூன்று முறை வாசித்துச் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது. விருது பூச்செடி வளர்க்கிற யாரோ ஒருவருக்குப் போயிற்று. படிவம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

கடிதத்தோடு இன்னொரு தாள். மறு ஆய்வு வேண்டாம் என்றால் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை அவள் எடுக்கவிருந்த குடியுரிமை உறுதிமொழி நிறுத்திவைக்கப்படும்.

அவள் எழுந்து மாடிக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி, இலவச வக்கீலைப் பார்க்கப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார். அப்பா கார் நிறுத்துமிடக் காவல் வேலையிலிருந்து சீருடையோடு வந்திருந்தார். அம்மா வாளிமேல், சார்ஜில். மடியில் காய் வெட்டும் பலகை, பலகைமேல் ஏதோ தாள். பெரியவள் கடிதத்தை மேசையில் போட்டு, அந்த வாக்கியத்தைத் தமிழில் வாசித்தாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "நல்லாத்தானே எழுதியிருக்கான். இதுல என்ன குத்தம்?"

"எழுதினது நான்ப்பா. விருதுக்கு." அவள் மாமாவைப் பார்த்தாள். "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

மாமா ரொட்டிப் பாக்கெட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. "பட்டை மாட்டின மூணாம் நாளு. அந்த மூக்கு சிந்தற அம்மாதான் சொன்னா. இது நிஜமான்னு கேட்டா. நிஜம்னேன். ஏழுன்னேன்."

"ஏழுன்னு நீங்களே எண்ணிக் கொடுத்தீங்களா?"

"பெருமையாதான் சொன்னேன்டி! எங்க அக்கா இப்படின்னு சொன்னா புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்."

"அதனாலதான் காரணம் கேக்காத, கேக்காதன்னு கழுத்த அறுத்தீங்க."

"உனக்காகத்தான். உன் எழுத்துன்னு தெரிஞ்சா நீ தாங்கமாட்ட."

"எனக்காகவா, இந்த அட்டைக்காகவா? அவங்க அம்மாவுக்குக் கால்ல மாட்டினாங்க. நீங்க கழுத்த நீட்டி வாங்கி மாட்டிக்கிட்டீங்க. குளிக்கும்போதாவது கழட்டுவீங்களா?"

"வாய மூடு." மாமா எழுந்துவிட்டார். "இது கழுத்துல இருக்கறதாலதான் நாலு பேர வெளிய கொண்டுவந்தேன். அந்த மெக்கானிக்க ரெண்டே நாள்ல விட்டாங்களே, யாரு பேசினது? உன் பட்டமா பேசிச்சு? குண்டு வெடிச்ச மறுநாள் நம்ம கடைக் கண்ணாடியெல்லாம் உடைச்சானுங்களே, தெரு முனையில போலீஸ் வண்டிய நிக்க வெச்சது யாரு? அவங்ககிட்ட நாம ஒன்னு கேட்டா, அவங்க நம்மகிட்ட ஒன்னு கேப்பாங்க. குழுன்னா டீயும் பிஸ்கட்டும் போட்டோவும்னு நெனச்சியா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மெக்கானிக்கை விட்டார்கள். வண்டி நின்றது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக இருந்தால் கத்தி முடித்துவிடலாம்.

"நாலு பேர வெளிய எடுக்க, எத்தன பேர உள்ள அனுப்பினீங்க மாமா? கணக்கு இருக்கா, இல்ல அதுவும் கறுப்பு மைதானா?"

"ரெண்டு பேரும் மெதுவா பேசுங்க," என்றார் அப்பா. "கீழ கேக்கும்."

"கேக்கட்டும்ப்பா! நாம மெதுவா பேசினாலே ஏதோ சதின்னு எழுதறாங்க."

மாமா குரலை இறக்கினார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு, கண்ணு. வழி இருக்கு. அஞ்சு மணிக்குள்ள உன் கோரிக்கைய வாபஸ் வாங்கு. விருதுக்காக மிகைப்படுத்தி எழுதினேன்னு ஒரு வரி. அக்கா அவங்க கொடுத்த ஒத்துழைப்புப் படிவத்துல மீதி ஆறு பேர் பேரு, விலாசம் எழுதித் தந்துட்டா பட்டைய கழட்டிடுவாங்க. நானே பேசிட்டேன். நாளைக்கு நீ உறுதிமொழி எடு. திங்கக்கிழமை அக்கா ரோலர்ல நிப்பா. எல்லாம் பழையபடி."

"அந்த ஆறு பேருக்கு அட்டை வரலை மாமா. பேரு கொடுத்தா அவங்கள விமானத்துல ஏத்திடுவாங்க."

"எல்லாரையும் தூக்கிச் சுமக்க நீ என்ன தாயா?"

"இல்ல. அவங்கள 'இந்நகரத்தில் ஒருவராக ஆக்குகிறார்'னு எழுதினவ."

அப்போதுதான் அம்மா பேசினாள். இவ்வளவு நேரமும் பலகையைவிட்டுத் தலையைத் தூக்காதவள். "ரெண்டு எழுதிட்டேன்."

பெரியவள் சமையலறைக்குள் போனாள். பலகைமேல் இருந்தது அந்தப் படிவம். அம்மாவின் எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக. முதல் வரியில் பஸ் கழுவுகிறவர். இரண்டாவதில் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள், எதிர்ச் சந்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள்.

"அம்மா. இவளுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதறேன்." அம்மாவின் நீட்டிய கால் பட்டைக்கு மேலும் கீழும் பிதுங்கி, மாவில் கயிறு கட்டினதுபோல் இருந்தது. "நல்லவளா இருந்துதான் இத மாட்டிக்கிட்டேன். இனிமே நல்லவளா இருக்க எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு நீ போயி கையத் தூக்கி அந்த உறுதிமொழிய சொல்லணும். இந்த ஊர்ல எவனும் உன்ன ஏன்னு கேக்கக்கூடாது. அதுக்குத்தான் நின்னேன், பதினோரு வருஷம்."

"நாளைக்கு அது நடக்காதும்மா."

"ஏன் நடக்காது? அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றார் மாமா சமையலறை வாசற்படியிலிருந்து.

"நேத்தே கையெழுத்து போட்டுட்டேன். ஆட்சேப மனு. அந்த வாக்கியத்த எழுதினது நான், மிகைப்படுத்தல, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, அது குத்தம்னா என்னையும் சேர்த்துக்கோங்கன்னு. மூடின அறையில இல்ல, பகிரங்கக் கோர்ட்டுல. வீட்டுல இருக்கற யாரு வேணா போடலாமாம். மனுவ நானே நேர்ல தாக்கல் பண்ணணும், நாலரைக்குள்ள. அதுக்குத்தான் கிளம்பறேன்."

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஜெயிக்குமா?"

"சொல்ல முடியாதுன்னார் வக்கீல். அம்மா பேரு பேப்பர்ல வரும்னார். என் வேலை போகும்னார்."

"பின்ன எதுக்குடி?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேனா பறந்து வந்து அவள் தோளில் பட்டு விழுந்தது. அம்மா வாளியைவிட்டு எழுந்திருந்தாள். பிளக்கிலிருந்து வயர் பிடுங்கிக்கொண்டு காலோடு இழுபட்டது.

"என்னக் கேட்டியா?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "என் காலு. என் பேரு. என் மானம். பேப்பர்ல போடப் போறியே, என்ன ஒரு வார்த்த கேட்டியாடி? உங்க மாமா கேக்காம போயி என் பேர எழுதிக் கொடுத்தான். இப்ப நீயும் கேக்காம போயி கொடுக்கற. நான் என்ன, உங்களுக்கு எழுதிப் பாக்கற சிலேட்டா?"

 கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது.

"கேக்கல," என்றாள் பெரியவள். "கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

"வேணாம்தான். இப்பவும் வேணாம்."

"தெரியும்மா."

அவள் மனு இருந்த உறையை எடுத்துப் பையில் வைத்தாள். கடிதத்தையும் வைத்தாள். அம்மாவின் படிவத்தைத் தொடவில்லை. கிழித்தால் நாளைக்கே இன்னொன்று கொடுப்பார்கள். மாமா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வாசலத் தாண்டினா நான் உனக்கு மாமா இல்ல."

"சரி. தள்ளி நில்லுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஒதுங்கிவிட்டார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. எதிர்ச் சந்திலிருந்து பாத்திரம் தேய்க்கிறவள் வந்துகொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கையில் மூடிபோட்ட ஒரு கிண்ணம். பட்டை மாட்டின நாளிலிருந்து இந்தப் பக்கமே தலைகாட்டாதவள். இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறாள்.

"மடிப்பக்கா இருக்காங்களா? வந்து பாக்கணும் பாக்கணும்னு… பயமா இருந்துச்சு. தப்பா நெனச்சுக்காத."

பெரியவள் ஒரு நொடி நின்றாள். ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். தூங்குகிறாள், உடம்பு சரியில்லை, அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், எதுவானாலும் இவள் ஓடிவிடுவாள்.

"இருக்காங்க. மேல போங்க. உங்க பேர ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்காங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு எதுக்குன்னு கேளுங்க."

"என்ன தாளு?"

"போங்கக்கா. நீங்களாவது கேளுங்க. கேக்காம திரும்பி வராதீங்க."

அவள் படியேறுகிற சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொரு படியாக. மேலே கதவு திறந்தது. யார் முதலில் பேசினார்கள் என்று பெரியவள் நின்று கேட்கவில்லை. மணி மூன்றே முக்கால். கோர்ட்டுக்கு நடந்தால் அரை மணி, நாலரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தெரு முனையில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள்.